கொலை வழக்கில் நட்சத்திரங்கள், ஜாமீன், மக்கள் கோபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வழக்குகளால் இந்த விவாதம் கிளம்பியது?

2025 ஆகஸ்ட் 13, 14 என அடுத்தடுத்த இரண்டு நாள்களில், உச்ச நீதிமன்றத்தின் இரு வேறு அமர்வுகள் இரண்டு பிரபலங்களின் ஜாமீனை ரத்து செய்தன.

முதல் நாள் மல்யுத்த வீரர் சுசில் குமார். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம், 2012 லண்டனில் வெள்ளி என்று இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வென்றவர். 2021 மே மாதம் டெல்லி சத்ரசால் மைதானத்தில் இளம் மல்யுத்த வீரர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவருக்கு ஜாமீன் கொடுத்திருந்தது.

மறுநாள் கன்னட நடிகர் தர்ஷன். சித்ரதுர்காவிலிருந்து ஒரு ரசிகரைக் கடத்தி வந்து, பெங்களூருவில் ஒரு ஷெட்டில் அடைத்து, அடித்துக் கொன்றதாக அவர் மீதும் நடிகை பவித்ரா கவுடா உள்ளிட்டோர் மீதும் வழக்கு. மொத்தம் 17 பேர். பவித்ராவுக்கு அந்த ரசிகர் ஆபாசச் செய்தி அனுப்பியதே காரணம் என்பது போலீஸ் தரப்பு. 2024 ஜூன் 9-ல் சடலம் கிடைத்தது. ஜூன் 11-ல் தர்ஷன் கைதானார். டிசம்பர் 13-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் உட்பட ஏழு பேருக்கு ஜாமீன் வழங்கியது. எட்டு மாதம் கழித்து அந்த ஏழு பேரின் ஜாமீனையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இரண்டு வழக்கிலும் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கீழே வரும் எல்லாப் பதிலையும் அந்த நினைப்போடு படிக்க வேண்டும்.

ஜாமீன் கிடைத்தால் தப்பிவிட்டார் என்றுதானே அர்த்தம்?

இல்லை. குற்றம் செய்தாரா என்பது விசாரணை நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்து முடிவு செய்வது. அந்த முடிவு வரும்வரை அவர் எங்கே இருக்க வேண்டும், சிறையிலா வீட்டிலா என்பது மட்டும்தான் ஜாமீன் மனுவில் உள்ள கேள்வி. ஜாமீனில் வந்தவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்ததும் உண்டு. பல மாதம் ஜாமீன் மறுக்கப்பட்டவர் விடுதலையானதும் உண்டு.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்தபோது, எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் தண்டனையும் பெற்றார்கள். வழக்கு, அப்போது மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில்தான் இருவரும் விடுதலையாகி வெளியே வந்தார்கள். அதற்குள் பாகவதரின் திரைவாழ்வு ஏறத்தாழ முடிந்திருந்தது. சிறையில் போன காலத்தை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது. நீதிமன்றங்கள் ஜாமீனை லேசில் மறுக்கக் கூடாது என்று சொல்லப்படுவதன் காரணம் இதுதான்.

கொலை வழக்கில் ஜாமீனே கிடையாது என்கிறார்களே?

கிடைக்கும், ஆனால் கடினம். சட்டத்தின் வார்த்தையில் கொலை ‘ஜாமீனில் விட முடியாத’ குற்றம். அதாவது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம்தான் முடிவு செய்யும். காவல் நிலையத்தில் ஜாமீன் வாங்க முடியாது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றத்தை அவர் செய்திருப்பார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், மாஜிஸ்திரேட்டும் விடக் கூடாது. குழந்தை, பெண், நோயாளி அல்லது உடல் நலிந்தவர் என்றால் மட்டும் மாஜிஸ்திரேட்டுக்குச் சற்று இடம் உண்டு. ஆகவே மனு நேராக செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம்.

இந்த இரு நீதிமன்றங்களும் ஜாமீன் தரும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 439-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 483. கொலைக்கான தண்டனைப் பிரிவும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302 என்பதிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 என்று மாறியது. தர்ஷன் வழக்கின் சம்பவம் அதற்கு முந்தைய மாதம் நடந்ததால் அது 302-ன் கீழ்தான் நடக்கிறது. செய்திகளில் எண்கள் மாறி மாறி வருவதற்கு வேறு காரணம் இல்லை.

இந்த மனுவின் மீது உத்தரவிடுமுன் அரசு வழக்கறிஞருக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்பது விதி. அரசுத் தரப்பைக் கேட்காமல் ஒரே நாளில் கொலை வழக்கு ஜாமீன் கிடைத்ததாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

நீதிபதி எதை எடைபோடுகிறார்?

இதற்கு நன்கு அறியப்பட்ட பதில் காஞ்சிபுரத்து வழக்கில் கிடைத்தது. வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் 2004 செப்டம்பரில் கொல்லப்பட்டார். நவம்பரில் காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திர சரஸ்வதி கைதானார். 2005 ஜனவரி 10-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தபோது பார்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தியது: குற்றத்தின் தன்மையும் கடுமையும், சாட்சியங்களின் தரம், குற்றம் சாட்டப்பட்டவருக்கே உரிய சூழ்நிலைகள், விசாரணைக்கு வராமல் போகும் வாய்ப்பு, சாட்சிகளைக் கலைக்கும் அச்சம், பொதுநலன்.

இதில் ஒன்று மட்டும் ஜாமீனைத் தீர்மானிப்பதில்லை. கொடூரமான கொலை என்பதற்காகவே மறுக்கக் கூடாது. ஓடிப்போக மாட்டார் என்பதற்காகவே கொடுத்துவிடவும் கூடாது. சுசில் குமார் விஷயத்தில், சம்பவத்துக்குப் பின் சில வாரம் தலைமறைவாக இருந்ததும், தகவல் தருவோருக்கு டெல்லி போலீஸ் பரிசுத் தொகை அறிவிக்க நேர்ந்ததும் அவருக்கு எதிராக எடைபோடப்பட்டன. மூன்றரை ஆண்டு சிறையில் இருந்துவிட்டார், விசாரணை முடிய நாளாகும் என்பவை அவருக்குச் சாதகமாக இருந்தன. உயர் நீதிமன்றத்தின் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது, உச்ச நீதிமன்றத்தின் தராசு மறுபக்கம்.

தர்ஷன் வழக்கில் உயர் நீதிமன்றம் செய்த தவறு என்ன?

ஜாமீன் கட்டத்தில் சாட்சியங்களை மேலோட்டமாகத்தான் பார்க்கலாம். குற்றச்சாட்டுக்கு அடிப்படை இருக்கிறதா என்ற அளவுக்குப் பார்த்தால் போதும். நேரில் பார்த்த சாட்சி சொன்னது நம்பத்தக்கதா என்று இழை பிரித்துப் பார்ப்பது, அவர் கூண்டில் ஏறி குறுக்கு விசாரணைக்கு உட்பட்ட பிறகு, விசாரணை நீதிபதி செய்ய வேண்டிய வேலை. உயர் நீதிமன்றம் அந்த வேலையை முன்கூட்டியே செய்துவிட்டது, இயந்திரத்தனமாக அதிகாரத்தைப் பயன்படுத்திவிட்டது என்பதே நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வின் முக்கியமான குறை.

இது வெறும் நடைமுறைத் தவறு அல்ல. இந்தச் சாட்சி நம்பத்தக்கவர் அல்ல என்று உயர் நீதிமன்றமே எழுதிவைத்தால், நாளை அதே சாட்சியை விசாரிக்கும் செஷன்ஸ் நீதிபதியின் கை கட்டப்பட்டதுபோல் ஆகும். ஜாமீன் உத்தரவில் சொன்னது விசாரணையைப் பாதிக்காது என்று கடைசியில் ஒரு வரி வழக்கமாகச் சேர்ப்பார்கள். அந்த ஒரு வரி பல பக்க அலசலை அழித்துவிடுமா என்பது நியாயமான கேள்வி. நல்ல ஜாமீன் உத்தரவு சுருக்கமாக இருக்கும். காரணத்தைச் சொல்லும், தீர்ப்பைச் சொல்லாது.

வெளியே வந்து எந்த நிபந்தனையையும் மீறாவிட்டால் எப்படி ரத்து செய்யலாம்?

பெரும்பாலோர் குழம்பும் இடம் இது. பத்திரிகைகள் ‘ஜாமீன் ரத்து’ என்று ஒரே பெயரில் எழுதினாலும் உள்ளே இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று, ஜாமீன் சரியாகத்தான் கொடுக்கப்பட்டது, ஆனால் பிறகு அவர் கெடுத்துக்கொண்டார் என்பது. சாட்சியை மிரட்டினார், வாய்தாவுக்கு வரவில்லை, புதுக் குற்றம் செய்தார் என்பதுபோல. இதற்கு ஜாமீனுக்குப் பின் நடந்த சம்பவத்தை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். மற்றொன்று, கொடுத்த உத்தரவே பிழை என்பது. பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டது என்று மேல் நீதிமன்றம் கண்டால், வெளியே வந்தவர் எவ்வளவு ஒழுங்காக நடந்திருந்தாலும் உத்தரவு நிற்காது. 2019-ல் மகிபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே சொன்னது. தர்ஷன் வழக்கு முக்கியமாக இரண்டாம் வகை. ‘என்ன தப்பு செய்தார் மறுபடி உள்ளே போட?’ என்ற ரசிகர்களின் கேள்வி முதல் வகைக்கு உரியது.

உடம்பு சரியில்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்களா?

2024 அக்டோபர் 30-ல் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்காகத் தர்ஷனுக்கு ஆறு வார இடைக்கால ஜாமீன் கிடைத்தது. மக்கள் கோபத்தை அதிகம் தூண்டியது இந்தப் பகுதிதான். பிறகு அவர் பொது நிகழ்ச்சிகளில் தென்பட்டதையும், மருத்துவக் காரணம் தெளிவில்லாமல் வைக்கப்பட்டதையும் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

மருத்துவ ஜாமீன் மனு நிற்க வேண்டுமானால் மூன்று விஷயம் காகிதத்தில் இருக்க வேண்டும். நோய் என்ன என்பதற்குப் பரிசோதனை அறிக்கை. என்ன சிகிச்சை, எப்போது, தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்ற மருத்துவர் கருத்து. சிறை மருத்துவமனையிலோ, காவலுடன் அரசு மருத்துவமனையிலோ அந்தச் சிகிச்சை ஏன் முடியாது என்ற விளக்கம். மூன்றாவதைப் பெரும்பாலான மனுக்கள் கோட்டை விடுகின்றன. அரசு மருத்துவர் குழுவின் அறிக்கையை நீதிமன்றம் கேட்பதும் இதற்காகத்தான். உண்மையிலேயே சாகக் கிடக்கும் கைதிகளின் மனுக்கள் சந்தேகத்தோடு பார்க்கப்படுவதற்கு, வசதியுள்ளவர்களின் பொய்ச் சான்றிதழ்களும் ஒரு காரணம். அந்தப் பாவம் சின்னதல்ல.

கைதுக்கான காரணத்தை எழுதிக் கொடுக்கவில்லை என்றால் கைதே செல்லாதா?

தர்ஷன் தரப்பின் முக்கிய வாதங்களில் ஒன்று இது. அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்கச் சொல்கிறது. 2023-ல் பங்கஜ் பன்சால் வழக்கில் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்கும், 2024-ல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் ‘உபா’ எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்கும், எழுத்திலேயே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தர்ஷன் வழக்கில், எழுத்தில் தராததாலேயே கைது செல்லாமல் போகாது, அதனால் உண்மையான பாதிப்பு நேர்ந்ததைக் காட்ட வேண்டும் என்றது.

மூன்று மாதத்தில் நிலைமை மாறியது. 2025 நவம்பர் 6-ல் மிகிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தக் குற்றமானாலும் கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் காரணம் தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே முடியாத சூழலில் வாயால் சொல்லலாம். ஆனால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். சாதாரண மனிதருக்கு இந்த விவாதத்தால் கிடைத்த நல்ல விஷயம் இது. உங்கள் வீட்டில் யாராவது கைதானால், முதலில் கேட்க வேண்டியது அந்தக் காகிதத்தைத்தான்.

90 நாள் கணக்கு என்று எதைச் சொல்கிறார்கள்?

கொலை வழக்கில் போலீஸ் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும். வழக்கின் கடுமையை அப்போது யாரும் பார்க்க மாட்டார்கள். நாள் எண்ணுவது கைதான தேதியிலிருந்து அல்ல, மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட தேதியிலிருந்து. அந்த நாளும் கணக்கில் சேரும். உரிமை தானாக வராது. மனு போட வேண்டும், அதுவும் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பு. 90 முடிந்து 91-ம் நாள் காலையில் மனு தயாராக இல்லாமல், மதியம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் வாய்ப்பு போய்விடும். தர்ஷன் வழக்கில் குற்றப்பத்திரிகை கைதான 85-ம் நாளில், 2024 செப்டம்பர் 4-ல் தாக்கலானது.

பிரபலம் என்பதால் கூடுதல் கடுமை காட்டுவது நியாயமா?

பிரபலம் என்பதற்காகவே மறுத்தால் அதுவும் அநீதி. ஆனால் செல்வாக்கு என்பது சாட்சியைக் கலைக்கும் ஆற்றலோடு நேரடியாகத் தொடர்புள்ளது. அந்த அளவுக்கு அது ஜாமீன் கேள்விக்குள் வருகிறது. 2024 ஆகஸ்ட்டில் பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறைக்குள் தர்ஷன் நாற்காலி போட்டு, கையில் சிகரெட்டும் கோப்பையுமாக உட்கார்ந்திருந்த படம் வெளியானது. சிறை அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள், அவர் பல்லாரி சிறைக்கு மாற்றப்பட்டார். சிறைச் சுவருக்குள்ளேயே விதியை வளைக்க முடிந்தவருக்கு, வெளியே ஒரு கூலித் தொழிலாளி சாட்சியை வளைப்பது எவ்வளவு நேரம் ஆகும்? சிறையில் சிறப்புச் சலுகை கொடுத்தால் கண்காணிப்பாளர்தான் முதலில் சஸ்பெண்ட் ஆவார் என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்ததும், அந்தத் தீர்ப்பை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் சிறைகளுக்கும் அனுப்பச் சொன்னதும் இதனால்தான்.

சாட்சி கலைவது அவ்வளவு பெரிய ஆபத்தா?

இந்த விவாதத்தின் உயிர்நாடியே அதுதான். சங்கரராமன் வழக்கு புதுச்சேரிக்கு மாற்றப்பட்டு, 2013 நவம்பர் 27-ல் எல்லோரும் விடுதலை ஆனார்கள். அரசுத் தரப்பில் எண்பதுக்கும் மேற்பட்டோர், போலீஸிடம் முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மறுத்து, பிறழ் சாட்சிகளாகிவிட்டனர். சுசில் குமார் வழக்கிலும், ஜாமீன் ரத்தான நேரத்தில் அதுவரை விசாரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பிறழ்ந்திருந்தனர். மிரட்டல்தான் காரணம் என்று ஒவ்வொருவர் விஷயத்திலும் சொல்லிவிட முடியாது. போலீஸ் தானே எழுதிக்கொண்ட வாக்குமூலம், பல ஆண்டுத் தாமதம், வேலை போய்விடும் என்ற பயம் எல்லாம் சேர்ந்தே சாட்சியை உடைக்கின்றன.

தடுக்க வழிகள் உண்டு. மாஜிஸ்திரேட் முன் சத்தியப் பிரமாணத்தின் பேரில் வாக்குமூலம் வாங்கிவிட்டால் பிறழ்வது கடினம். 2018-ல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. மாவட்ட அளவில் மனு கொடுத்து வீட்டுக்குக் காவல், கேமரா, தற்காலிக இடமாற்றம் வரை கேட்கலாம். சாட்சியைப் பொய் சொல்லும்படி மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 232-வது பிரிவில் ஏழாண்டு வரை தண்டனை. சட்டம் இருக்கிறது. மனு கொடுக்கலாம் என்பதே சாட்சிக்குத் தெரியாமல் இருப்பதுதான் நடைமுறை.

கொல்லப்பட்டவரின் குடும்பம் வேடிக்கை மட்டும்தான் பார்க்க வேண்டுமா?

இல்லை. 2022 ஏப்ரலில், உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது வாகனம் ஏற்றப்பட்ட லக்கிம்பூர் கேரி வழக்கில், மத்திய அமைச்சராக இருந்தவரின் மகன் ஆஷிஷ் மிஸ்ராவின் ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, விசாரணையின் எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. ஜாமீன் மனு வந்தால் வழக்கறிஞர் வைத்து எதிர்க்கலாம். கொடுத்துவிட்டால் மேல் நீதிமன்றம் போகலாம். சுசில் குமார் வழக்கில் போனவர் இறந்தவரின் தந்தைதான், அரசு அல்ல. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணை அழைக்கலாம். மிரட்டல் வந்தால் தேதி, நேரம், எண்ணோடு அன்றன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து வாயால் சொல்லும் மிரட்டலுக்கு நீதிமன்றத்தில் எடை குறைவு.

உத்தரவு வந்த பிறகும் சிலர் ஏன் சிறையிலேயே இருக்கிறார்கள்?

உத்தரவு பாதி வேலை. சொந்தப் பிணைப்பத்திரம் எழுத வேண்டும், பெரும்பாலும் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். அவர்கள் அடையாளச் சான்றும், வீட்டு வரி ரசீது போன்ற சொத்து ஆவணமும் கொண்டு நேரில் வர வேண்டும். ஜாமீன்தாரர் வெளியூர் என்றாலோ, ஆவணத்தில் பெயர் ஓர் எழுத்து மாறினாலோ நாள் தள்ளும். கைதி மீது வேறு வழக்கு இருந்தால் அந்த வழக்கிலும் ஜாமீன் வேண்டும்.

பணமுள்ளவருக்கு இது ஒரு நாள் வேலை. இல்லாதவருக்கு மாதக்கணக்கு. 1978-லேயே மோதி ராம் என்ற ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி, ஜாமீன் உத்தரவு அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் போக வேண்டும். ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றம் தானே முன்வரலாம்.

2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஒரு நடிகரின் ஜாமீனுக்காகக் கொதிக்கும் நாம் இவர்களைப் பற்றியும் கொஞ்சம் கொதிக்கலாம்.

நீதிமன்ற உத்தரவைச் சமூக வலைத்தளத்தில் விமர்சிக்கலாமா?

உத்தரவைப் படித்து, காரணத்தை எடுத்துப் பேசி, தவறு என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. நீதிபதி காசு வாங்கினார் என்று ஆதாரமில்லாமல் எழுதுவது அவமதிப்பு. ஆறு மாதம் வரை சிறை உண்டு. சாட்சியின் முகவரியையோ படத்தையோ பகிர்வது அதைவிட ஆபத்தானது, ஒரு உயிரைப் பொறுத்தது. 2025 ஜூலையில் நடிகையும் முன்னாள் எம்.பி.யுமான ரம்யா தர்ஷன் வழக்கு பற்றிக் கருத்துச் சொன்னதற்கு ஆபாசமும் மிரட்டலுமாகச் செய்திகள் குவிந்தன. அவர் பெங்களூரு போலீஸில் புகார் கொடுத்தார், சிலர் கைதும் ஆனார்கள். தங்கள் நாயகனுக்கு உதவுவதாக நினைத்து எழுதியவர்கள், அவர் வெளியே இருந்தால் சாட்சிகள் நிம்மதியாக இருக்க முடியாது என்ற வாதத்துக்குத்தான் வலு சேர்த்தார்கள்.

ரத்தான பிறகு மீண்டும் ஜாமீன் கேட்க முடியுமா?

முடியும். சூழ்நிலை மாறியிருப்பதைக் காட்ட வேண்டும். முக்கியச் சாட்சிகளின் விசாரணை முடிந்துவிட்டது, இனிக் கலைக்க யாரும் இல்லை என்பது வலுவான காரணம். விசாரணை ஆண்டுக்கணக்கில் நகரவில்லை, அந்தத் தாமதத்துக்குத் தன் பங்கு இல்லை என்பது இன்னொன்று. பழைய வாதத்தையே வேறு வழக்கறிஞரை வைத்துப் பேசினால் தள்ளுபடிதான்.

தர்ஷன் வழக்கில் 2025 நவம்பர் 3-ல் பெங்களூரு செஷன்ஸ் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. அனைவரும் மறுத்தார்கள். அதற்கு அடுத்த கட்டம்தான் சாட்சி விசாரணை. அங்கே முதலில் கூண்டேறும் சாட்சிகள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அடுத்த ஜாமீன் மனுவின் கதியும் இருக்கும்.